மூன்றாவது வரிசையில் வெளிச்சம்

அன்று அங்கே இருந்தது நான்கு பேர். ஷிப்ட் இன்ஜினியர் மேடம், காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர், பள்ளிப்பட்டிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஃபிட்டர், தினக்கூலிக்கு ஃபில்டர் மாட்டும் நான். பிற்பாடு நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். சொன்ன யாரும் அங்கே இல்லை.

எங்களுடையது அரசு மின்நிலையம். கேஸ் டர்பைன் மூச்சு இழுப்பதற்கென்றே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஃபில்டர் அறை உண்டு. சுற்றிலும் இரும்பு உருக்கும் ஆலைகள். கழற்றிய பழைய ஃபில்டரில் காந்தத்தை வைத்தால் கறுப்புத் தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அது உள்ளே போனால் டர்பைன் பிளேடுகள் அரித்துப் போகும். அதனால் பழையதையெல்லாம் எடுத்துவிட்டுப் புது ஃபில்டர் போட்டு முடித்திருந்தோம்.

சூப்பர்வைசர் காலையிலேயே சொல்லிவிட்டார். "மூணு மணிக்கு மெஷினை ஒப்படைக்கணும். எவனால லேட்டாவுதோ அவனுக்கு இன்னிக்குக் கூலி கிடையாது."

வேலை முடிந்தபோது மணி இரண்டேகால். எதையும் ஒரு தடவை மட்டும் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. எட்டாவதோடு படிப்பை விட்டவன்; தெரியாமல் தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம் எப்போதும் உண்டு.

"மேடம், உள்ள லைட்டை அணைச்சிட்டு நான் நிக்கறேன். வெளிய இருந்து ஃபிட்டர் ஃபோகஸ் லைட் அடிச்சிக்கினே வரட்டும். சந்து இருந்தா உள்ள வெளிச்சம் தெரியும்."

ஃபிட்டர் சிரித்தார். "இன்னா நைனா, ஊட்ல கேஸை மூடுனமான்னு ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து திரும்பிப் போற ஆளு நீ. இங்கயுமா?"

"யோவ், பேஜாரு பண்ணாத," என்றார் சூப்பர்வைசர்.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்ளோ நேரம் ஆகும்ணா?"

"கால் மணி நேரம்."

"போங்க."

கதவைச் சாத்தினார்கள். நல்ல இருட்டு. மெஷின் ஓடாதபடி சுவிட்சில் என் பூட்டுத்தான் தொங்குகிறது, சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது என்று தெரியும். இருந்தும் சாவியை நான்கு தடவை தொட்டுப் பார்த்தேன். வெளியே ஃபிட்டர் விளக்கோடு நகரும் சத்தம் கேட்டது. முதல் வரிசை, இருட்டு. இரண்டாவதும் இருட்டு. மூன்றாவது வரிசையில், கீழ் மூலையில், நூல் மாதிரி ஒரு வெளிச்சம்.

அது நான் போட்ட வரிசை.

வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கூலி கைக்கு வந்திருக்கும். இருட்டுக்குள் அதையும் யோசித்தேன், மறைக்கவில்லை. பிறகு கதவைத் தட்டினேன்.

"மூணாவது வரிசை மேடம். ஒண்ணு சரியா உக்காரல. நான் போட்டதுதான்."

"கம்முனு இருந்திருக்கலாம்ல?" என்று சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார்.

கழற்றினோம். ஓரத்து ரப்பர் ஒரு விரலளவு மடிந்து கிடந்தது. ஒன்று தப்பானால் மற்றவற்றை எப்படி நம்புவது? நான் போட்ட அத்தனையையும் கழற்றித் திரும்பப் போட்டேன். ஃபிட்டர் கேலியை நிறுத்திவிட்டு, கேட்காமலே கூட நின்று போல்ட் முடுக்கினார். மறுபடி இருட்டில் நின்று பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. மெஷினை ஒப்படைக்கும்போது மணி ஐந்தேகால்.

மேடம் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, "நீங்களே எழுதுங்கண்ணா," என்றார். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆனாலும் இருட்டில் நின்று பார்த்ததை எழுதினேன். இப்போது எங்கள் நிலையத்தில் ஃபில்டர் மாற்றினால், இருட்டில் ஒருவர் நின்று பார்க்காமல் மெஷினை ஒப்படைப்பதில்லை. நிற்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த டர்பைன் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது.

சூப்பர்வைசர் சொன்னபடியே என் அன்றைய கூலியை வெட்டினார். மேடம் காண்ட்ராக்டரிடம் பேசி, கொடுக்கச் சொல்லிவிட்டார். அவரும் தலையாட்டினார். மாதா மாதம் கேட்கிறேன், "அடுத்த பில்லுல பாக்கலாம்பா" என்கிறார். அந்த ஒரு நாள் கூலி, எழுநூற்று ஐம்பது ரூபாய், இன்னும் வரவில்லை.