பாப்பாவுக்காகப் போட்ட ஜெனரேட்டர்

டீசல் வாசனை வந்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பஸ், லாரி, பெட்ரோல் பங்க்...

எனக்குச் சேலையூர் ஞாபகம் வரும். தடதடவென்று தரை அதிரும், ஜன்னல் கண்ணாடி நடுங்கும், பின்னாலேயே அந்த வாசனை வரும். அப்புறம் ஃபேன் சுற்றும்.

கரண்ட் கட் காலம் அது. கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன அபார்ட்மென்ட்டில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. மகள் மது அப்போது எல்.கே.ஜி. அவளுக்கு வீசிங். மூச்சு இழுக்க ஆரம்பித்தால் நெபுலைசர் வைத்தே ஆகவேண்டும். நெபுலைசர் ஓடக் கரண்ட் வேண்டும். அதுதான் இருக்காதே!

ஆனால் எங்கள் அபார்ட்மென்ட் மனிதர்கள் தங்கம். கரண்ட் போன மறுநொடி செக்ரட்டரி நடராஜன் சார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெனரேட்டரிடம் ஓடுவார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். அந்த வேகத்தில் ஒரு ரயிலும் தாம்பரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

முதல் மாடியிலிருந்து சரோஜா அக்கா குரல் கொடுப்பார். அந்த இடமே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். அதனால் அதட்டல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

"சார், இன்னா பண்றீங்க? பாப்பாவுக்கு மெஷின் வெக்கணும், சீக்கிரம் போடுங்க!"

பாதிப் பேருக்கு சாயங்கால சீரியல் போய்விடுமே என்ற கவலை. ஆனால் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் "பாப்பாவுக்காகத்தான்" என்பார்கள். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

நெபுலைசர் வைத்தால் மது தெளிவாள். அடுத்த கரண்ட் கட் முடிவதற்குள் மறுபடி இழுக்கும். எனக்கு ஆபீசில் லீவெல்லாம் தீர்ந்துபோனது. அவள் ஸ்கூலுக்குப் போன நாட்களைவிடப் போகாத நாட்களே அதிகம். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட முடிவெடுத்திருந்தேன்.

ஒரு நாள் டாக்டர் கேட்டார். "வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களாம்மா?"

"இல்ல டாக்டர்."

"பக்கத்துல புகை ஏதாவது வருதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். எங்கள் பெட்ரூம் ஜன்னலுக்கு நேரே அல்லவா ஜெனரேட்டரின் புகைக்குழாய் இருக்கிறது!

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்காதீர்கள். பம்மலில் தோல் பதனிடும் ஷெட்டுகளுக்கு நடுவே வளர்ந்த மூக்கு என்னுடையது. அது எந்த வாசனையையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

ஆனால் இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? என் குழந்தைக்காக ஓடி வருகிற மனிதரிடம், நீங்கள் ஓடி வருவதால்தான் அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று எந்த வாயால் சொல்வது...

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் மீட்டிங். வெளிச்சுவருக்கு கிரீம் கலரா, பிஸ்தா பச்சையா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. நடுவில் எழுந்து சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதும்விட்டேன்.

சரோஜா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "அய்யய்யோ... நாமளே புகைய வுட்டுட்டு, நாமளே மெஷின் வெக்கச் சொல்லிக்கினு இருந்தோமா?"

நடராஜன் சார் எழுந்து நின்றார். "பெயின்ட் அப்புறம் பாத்துக்கலாம். அந்தக் காசுல சோலார் போட்டுடுவோம். பேட்டரியோட."

"சுவர் அழுக்கா இருந்தா யார் சார் வாடகைக்கு வருவாங்க?" என்றது ஒரு குரல்.

"சுவரா மூச்சு வுடுது? கொயந்த தானே வுடுது! உக்காருய்யா," என்றார் அக்கா. கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்றோடு ஜெனரேட்டருக்கு லீவு. சோலார் வரும்வரை எல்லோரும் படிக்கட்டில் உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டோம். மதுவுக்கு இழுத்தால் நடராஜன் சார் ஸ்கூட்டரை எடுப்பார், நேரே டாக்டரிடம்.

பேனல் வந்த அன்று சரோஜா அக்கா ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குழைத்து, குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். "வெயில் விழற எடத்துல பொட்டு வெக்காதம்மா" என்று நடராஜன் சார் துண்டால் துடைத்துக்கொண்டே போக, அவர் பின்னாலேயே அக்கா மறுபடி வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஓரத்துக் கம்பியில் மட்டும் வைப்பதாகச் சமாதானம் ஆனது.

வீட்டுக்கு ஒரு ஃபேன், ஒரு லைட், ஒரு பிளக் பாயின்ட். அவ்வளவுதான். மதுவுக்கு இழுப்பது குறைந்தது, ஸ்கூலுக்குப் போனாள், நானும் வேலையை விடவில்லை. கரண்ட் போனால் நடராஜன் சாருக்கு ஓட வேலையே இல்லை. ஆனாலும் வாசலில் வந்து நிற்பார்.

"மது, ஃபேன் சுத்துதாடா செல்லம்?"

அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்குகிறது.

இப்போது நாங்கள் ஊரப்பாக்கத்தில், பெரிய அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். மது காலேஜ் படிக்கிறாள், வீசிங் எப்போதாவதுதான். கரண்ட் போனால் கண் சிமிட்டுவதற்குள் ஜெனரேட்டர் தானாகவே ஓடும். சத்தம்கூடக் கேட்காது. யாரும் ஓடிவர வேண்டியதில்லை, யாரும் வருவதுமில்லை.

நேற்று வாக்கிங் போன மது மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "அம்மா, வா... ஒண்ணு காட்டறேன்."

காம்பவுண்டின் பின்பக்கம் கூட்டிப்போனாள். ஜெனரேட்டரின் குழாய் மதிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஷீட் போட்ட வீடு. ஜன்னல் கம்பியில் கைக்குழந்தைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"மீட்டிங்ல நீ பேசறியா, நான் பேசட்டுமா?" என்றாள்.

சேலையூரில் புகை விட்டவர்களுக்கு என் மகளின் பெயர் தெரியும். இங்கே இத்தனை வீடுகளில் ஒருவருக்கும் அந்தக் குழந்தையின் பெயர் தெரியாது.

முதலில் அதைக் கேட்டுக்கொண்டு வரலாம் என்று கேட்டைத் திறந்துகொண்டு நடந்தோம்.