டிராயிங்கில் இல்லாத கொக்கி

கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுனாமி கொண்டுபோன பிறகு, எங்களைத் தகரக் கொட்டகையில் வைத்தார்கள். அக்காவின் கைக்குழந்தை சேலைத் தொட்டிலில் போட்டால்தான் தூங்கும். கீழே விட்டால் சூட்டில் கத்தித் தீர்க்கும்.

நிரந்தர வீடு கட்ட வந்த கம்பெனி புது முறை ஒன்றைக் கொண்டுவந்தது. சுவர், கூரை எல்லாம் மெயின்லேண்டில் செய்து கப்பலில் வரும். இங்கே போல்ட் போட்டு முறுக்கினால் வீடு. முறுக்குகிற கூலியாட்களில் நானும் ஒருவன்.

"முறுக்கினா வீடு. திருப்பி முறுக்கினா பார்சலா சார்?" என்று சென்னை இன்ஜினியரைக் கேட்டேன்.

"வாய மூடிட்டு வேலயப் பாருடா."

எங்களுக்கு ஒதுக்கிய வீட்டைப் பார்க்க வந்த அக்கா, சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். மேலே வழவழவென்று பலகை.

"தொட்டில எங்க சார் கட்டுறது?"

"டிராயிங்ல கொக்கி இல்லம்மா. கட்டில்ல போடுங்க."

"எங்க கட்டிலும் டிராயிங்லதான் சார் இருக்கு," என்றேன்.

அக்கா விடவில்லை. வெல்டரிடம் கெஞ்சிப் பலகையில் ஓட்டை போட வைத்தாள். மேலே இரும்புச் சட்டத்தில் ஒரு கம்பியை வளைத்துப் பற்றவைத்துக் கொடுத்தான். சாவி தருவதற்கு முன் சோதிக்க வந்த கம்பெனி அதிகாரி அதைப் பார்த்துவிட்டார்.

"அரே, யே க்யா ஹை?" இது என்ன என்று இந்தியில் கேட்டார்.

"ஜூலா, சாப். தொட்டில். புள்ள தூங்குறதுக்கு. நீங்க ஏறிடாதீங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. போட்டோ எடுத்தார். கொக்கியை அறுக்கச் சொன்னார். ஓட்டைப் பலகைக்குப் பதில் வேறு பலகை கப்பலில் வரும்வரை சாவி கிடையாது என்றார்.

மழைக்காலம் முழுக்கக் குழந்தை தகரத்துக்குக் கீழே இருமியது. பலகை வந்து சாவி கிடைத்தபோது குழந்தை ஓடித் திரிய ஆரம்பித்திருந்தது.

அதே கப்பலில் அடுத்த வரிசை வீடுகளுக்கான சட்டங்களும் வந்தன. ஒவ்வொன்றிலும் பெயின்ட் அடித்த கொக்கி! குற்றமென்று எடுத்த போட்டோ மெயின்லேண்டில் யோசனையாகிவிட்டது. பார்வையிட வந்தவர்களிடம் இன்ஜினியர் அதைத் தொட்டுக் காட்டினார்: "ஜனங்ககிட்டேர்ந்து கத்துக்கிட்டோம்."

"எங்க அக்கா வீட்டுக்கும் ஒண்ணு போடலாமா சார்?"

"அது பழைய மாடல்ப்பா. அதுல இனிமே கை வைக்கக் கூடாது."

கொக்கி வைத்த முதல் வீட்டுக்கு நான்தான் போல்ட் முறுக்கினேன். குடிவந்தவர் தனியாள். கொக்கியில் வாழைத்தாரைத் தொங்கவிட்டார். அக்கா சிரிப்பாள் என்று நினைத்துப் போய்ச் சொன்னேன்.

அவள் தொட்டில் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"தாரு நல்லாத் தூங்குதாடா?"