பதுளை மருந்துக்கடையில் வாங்கிய வாசனை

பதுளையில் எனக்கு ஒரு விரோதியும் இருந்ததில்லை. இருக்க நியாயமும் இல்லை. அதற்குமுன் நான் அந்த ஊரைப் பார்த்ததே கிடையாது. ஆனால் காலையில் போய் இறங்கியவன், மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு துரைசானி, தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள், ஒரு ஜவுளிக்கடைக் குடும்பம் என்று இத்தனை பேரையும் பகைத்துக்கொண்டேன். ஊர் சுற்றிப் பார்க்க நேரமில்லாமல் போனது நல்லதுதான்.

போனது என் மகள் கல்யாண விஷயமாக. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இலங்கைக்குப் போய்ப் பதுளையில் ஜவுளிக்கடை வைத்து நிமிர்ந்துவிட்ட ஒரு சைவக் குடும்பம். பையன் ஒரே மகன். என் மகளுக்கோ இருபது தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் இருபது தாண்டிய பெண் வீட்டில் இருந்தால் தெருவில் போகிற கறிகாய்க்காரி வரைக்கும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வருத்தப்படுவாள். ஜாதகம் பொருந்தியாயிற்று. பெண்ணின் தகப்பன் நேரில் வந்து வார்த்தை கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அதுவும் ஆடி பிறக்குமுன், வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன் வீட்டில் கால் வைத்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் சொல்லியனுப்பியிருந்தார். தவறினால் வேறு இடம் பார்ப்பார்களாம். "பார்ப்போம்" என்றுகூட இல்லை, "பார்த்து வைத்திருக்கிறோம்" என்று.

தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் ரயிலேறிப் பண்டாரவளை வந்து சேர்ந்தேன். ரயில் அதோடு சரி. அதற்கப்புறம் பதுளைக்குக் குதிரைவண்டி. அந்த வண்டியில் ஒரு துரையும் அவர் வேட்டை நாய்களும் ஏறியிருந்தார்கள். நாய்கள் கால் நீட்டிப் படுக்க வேண்டுமென்பதால் எனக்கு இடமில்லை என்று வண்டிக்காரன் கையை விரித்தான். நான் நாய்களைப் பார்த்தேன். நாய்களும் என்னைப் பார்த்தன. அவைதான் கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

கடைசியில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு அரிசிச் சாமான் ஏற்றிப்போகிற மாட்டுவண்டி ஒன்றுதான் கிடைத்தது.

"பின்னால மூட்டை மேல குந்திக்கங்க ஐயா. பஞ்சு மெத்தை கணக்கா இருக்கும்" என்றான் வண்டிக்காரன்.

இருட்டில் ஏறினேன். மெத்தைதான். மழை வந்தது, மூட்டை நனைந்தது, நானும் நனைந்தேன். பாதி வழியில்தான் மூக்கு விழித்துக்கொண்டது.

"என்னப்பா இது மூட்டையில?"

"கருவாடுங்க. தோட்டத்து லயத்துல குடியிருக்கிற ஆளுகளுக்கு."

"முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னா ஏறியிருக்க மாட்டீங்களே."

விடிந்து பதுளைக் கடைத்தெருவில் அவன் என்னை இறக்கிவிட்டபோது, பூண்டே தொடாத சைவ வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போகிற மனிதன், கரையில் காயப்போட்ட நெத்திலி மாதிரி நாறிக்கொண்டு நின்றேன். பையிலிருந்த மாற்று வேட்டியும் நனைந்து, அதிலும் அதே மணம். அன்றுதான் வெள்ளிக்கிழமை, ராகுகாலத்துக்கு அதிக நேரமில்லை. என் பயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அது வரும்போது முதலில் அறிவைத்தான் வெளியே அனுப்பும். நிதானமுள்ளவன் ஓர் ஓடையைத் தேடியிருப்பான். நான் வாசனை தேடினேன்.

அப்போது கண்ணில் பட்டது அந்தக் கடை. கண்ணாடி ஜன்னலில் சிவப்பும் பச்சையுமாகத் தண்ணீர் நிறைத்த பெரிய சீசாக்கள். வாசலிலேயே லவங்கமும் ரோஜாவும் கற்பூரப்புல்லும் கலந்து ஒரு காற்று. மலையெல்லாம் காப்பி விளைந்த காலத்தில் துரைமாருக்கென்று திறந்த இங்கிலீஷ் மருந்துக்கடை அது. காப்பி செத்துத் தேயிலை வந்த பிறகும் கடை அப்படியே நின்றிருந்தது. உள்ளே கூரை வரைக்கும் கருங்காலி நிறத்தில் இழுப்பறைகள், பொன்னெழுத்துப் போட்ட பீங்கான் ஜாடிகள், பூப்போட்ட காகிதத்தில் சுற்றி அடுக்கிய சோப்புகள். எங்கள் ஊரில் கோயில் கர்ப்பக்கிருகத்துக்குத்தான் அவ்வளவு மரியாதை பண்ணுவோம். அத்தரும் ஜவ்வாதும் விற்று வயிறு வளர்த்த சின்னக் கடைக்காரன் நான். ஒரு விநாடி வந்த காரியமே மறந்துபோயிற்று. அப்படியே வாயைப் பிளந்துகொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போய்விட்டேன்.

போகக் கூடாதாம்.

உள்ளே சோப்பை முகர்ந்துகொண்டிருந்த ஒரு துரைசானி, சோப்பைக் கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையை மூக்கில் வைத்தாள். கல்லாவுக்குப் பின்னாலிருந்த மருந்துக்காரர் பறங்கியர், வெள்ளை மீசை. அவருக்குத் தமிழ் வரும். ஆனால் கூலியாட்களை விரட்டுவதற்காகவே கற்றுக்கொண்ட தமிழ்.

"வெளியே போ! அந்தப் பக்கம் ஜன்னல். அங்கே நில்லு!"

பக்கத்துச் சந்தில் ஒரு ஜன்னல் இருந்தது. லயத்து ஜனங்களுக்கும் கடைத்தெரு ஜனங்களுக்கும் விளக்கெண்ணெயும் பேதியுப்பும் கொடுக்கிற ஜன்னல். போய் நின்றேன். துரைசானி போன பிறகு அவர் வந்தார். வந்தவரும் மூக்கைப் பிடித்தார்.

"என்ன வேணும்?"

"நாற்றம் போகணுங்க. உடனே போகணும். பெரிய இடத்துக்குப் போறேன்."

அவர் ஒரு சோப்பை எடுத்து வைத்தார். தார் நிறம். "நல்ல சோப். துரை நாய்க்கு இதுதான் போடுறது."

இங்கேதான் என் ரோஷம் என்னைக் கெடுத்தது. முந்தின ராத்திரி நாய்க்காக வண்டியை விட்டவன். காலையில் நாய்ச் சோப்பும் போட்டுக்கொள்வதா? அந்தச் சோப்பை வாங்கி ஒரு குளியல் போட்டிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்று இன்று தெரிகிறது. அன்று நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னேன்:

"நாய்க்குப் போடுறது வேண்டாம். துரை தனக்குப் போட்டுக்கிறது எதுவோ அதைக் குடுங்க."

மருந்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் ஒரு சீசாவைக் கொண்டுவந்து டப்பென்று வைத்தார். பொன்னிறத்தில் தண்ணீராக என்னவோ.

"தலைக்கு. கொஞ்சம். போ!"

சீசாவைத் திறந்து மோந்தேன். கிராம்பு, பட்டை, ஏதோ ஒரு காட்டிலை. அடடா என்றிருந்தது. தலைக்கு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். உச்சந்தலையில் ஊற்றி, காதுக்குள் விட்டு, மார்பில் தேய்த்து, தொப்புளில் வைத்து, உள்ளங்காலில் முடிப்போம். கொஞ்சம் என்று அவர் சொன்னதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டேன். கடைக்குப் பின்னால் ஒரு பலாமரத்தடியில் குடுமியை அவிழ்த்துச் சீசா முழுவதையும் சாஸ்திரப்படி தேய்த்து முடித்தேன். கண் எரிந்தது. காது குளிர்ந்தது. தொப்புளைப் பற்றி எழுதுவதற்கில்லை.

அது என்ன சரக்கு என்று ஊர் திரும்பிய பிறகு ஒரு கம்பவுண்டர் சொல்லித்தான் தெரிந்தது. ரம் சாராயத்தில் ஏதோ இலையைப் போட்டு வடித்ததாம். துரைமார் சவரம் செய்தபின் நாலு சொட்டு எடுத்து முடியில் தடவிக்கொள்வார்களாம்.

கம்பவுண்டர் சொல்வதற்கு முன்னால் எனக்கு அதைச் சொன்னவன் ஒரு குடிகாரன். கடைத்தெருவில் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன். சாராயக்கடைத் திண்டில் சாய்ந்திருந்தவன் திடுக்கிட்டு எழுந்து, கோயில் தேரைக் கண்டவன் மாதிரி கையெடுத்துக் கும்பிட்டான்.

"சாமி, எங்க வாங்குனீங்க? இந்தக் கடையில இப்படி ஒரு சரக்கு இல்லியே!"

"போடா!"

"கோவிச்சுக்காதீங்க சாமி. மோந்துக்கிட்டு மட்டும் கூட வாறேன்."

குடுமியை முன்னால் இழுத்து மோந்து பார்த்தேன். கிராம்பு போய்விட்டது. பட்டை போய்விட்டது. மிச்சமிருந்தது முழுச் சாராயக்கடை. கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்குவதைப் பார்த்து அவன், "இன்னும் ஒரு மடக்கு விட்டா நிக்கும் சாமி" என்று வைத்தியம் வேறு சொன்னான்.

ஓடினேன். மலைத் தண்ணீர் மூங்கில் வழியாக விழுகிற பீலி ஒன்று தெருக்கோடியில் இருந்தது. அங்கே குடத்தோடு பெண்கள். நான் மூச்சிரைக்க, தலைவிரி கோலமாக, மேல்துண்டைக் கழற்றிக்கொண்டே போனதை அவர்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள்.

"அக்கா, ஒரு நிமிஷம் தலையை நனைச்சுக்கிறேன்..."

"யாருடா அக்கா? காலங்காத்தால ஊத்திக்கிட்டுப் பொம்பளைங்க நிக்கிற எடத்துக்கு வாறியா?"

"குடிக்கலைம்மா, தேய்ச்சுக்கிட்டேன்!"

"தேய்ச்சுக்கிட்டானாம்! கேட்டியாடி!"

ஒரு குடம் என் முழங்காலைத் தேடி வந்தது. நொண்டிக்கொண்டே திரும்பினேன். தண்ணீர் ஒரு சொட்டும் மேலே படவில்லை. ராகுகாலம் வாசலில் நின்றது. போகாமலிருந்தால் சம்பந்தம் போயிற்று. போனால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாமென்று போனேன்.

ஜவுளிக்கடைக்குப் பின்கட்டில் வீடு. மாப்பிள்ளையின் தகப்பனார் நெற்றி நிறையத் திருநீற்றோடு கல்லாப் பட்டறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை. சிவப்பாக, லட்சணமாக, நல்ல பையன். அவனைப் பார்த்ததும் என் மகளுக்காக வயிறு குளிர்ந்தது உண்மை.

"வாங்க அண்ணாச்சி, வாங்..." என்று எழுந்தவர், பாதி எழுந்த நிலையிலேயே நின்றார். மூக்கு இரண்டு முறை விரிந்தது.

"அண்ணாச்சி, காலையிலேயே எங்கயும் விருந்தோ?"

"இல்லைங்க. இது மருந்துக்கடைத் தைலம்."

"மருந்துக்கடையில இதையுமா ஊத்திக் குடுக்கான்?"

"தலைக்குத் தேய்க்கிறதுங்க. துரைமார் தேய்க்கிறது."

"தலைக்கு ஏறியிருக்குன்னு தெரியுதே. வாயைத் திறங்க. ஒரு ஊது ஊதுங்க."

கடையில் துணி எடுக்க வந்தவர்கள் துணியை விட்டுவிட்டார்கள். என் முகத்தில் சிரிப்பு ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பயம் வந்தால் எனக்கு அப்படித்தான், பல் தெரியும். மகள் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். அவர் கிட்டே வரவில்லை. மகனைப் பார்த்தார்.

"நீ மோந்து பாரு."

பையன் எழுந்து வந்தான். வருங்கால மாமனார் வாய்க்குள் மூக்கை வைத்து மோந்தான். ஐயோ என்றோ, வேண்டாம்பா என்றோ ஒரு வார்த்தை இல்லை. கத்தரிக்காய் வாங்குகிறவன் மாதிரி, திருப்தியில்லாமல், இன்னொரு தடவையும் மோந்தான்.

"வாயில இல்லப்பா" என்றான். எனக்கு உயிர் வந்தது. அவன் இன்னும் முடிக்கவில்லை. "ஆனா சட்டையில கருவாடு நாறுது."

கடை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"சரி. ஜாதகம் பொருந்திப்போச்சு, வேற என்ன செய்ய. பொண்ணை எடுத்துக்கிடுதோம். ஆனா ஒண்ணு. இங்க வந்தப்புறம் அவ உங்க வீட்டு நடையை மிதிக்கக் கூடாது. தலைப்பிரசவமும் இங்கதான். உங்களுக்குப் பாக்கணும்னா கடை வாசல்ல நின்னு பாத்துட்டுப் போங்க. சம்மதமா?"

நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். கடலைத் தாண்டி வந்த பயம் தலையைப் பிடித்து ஆட்டியது. பையன் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான். நாளைக்கு என் மகள் வாயில் எதையாவது மோந்து பார் என்றாலும் இதே மாதிரி எழுந்துபோய் மோந்துவிட்டு, வந்து வேட்டியைச் சரிசெய்துகொள்வான் என்று தோன்றியது. தலை இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே வாய் பேசிவிட்டது:

"மாப்பிள்ளை, இப்ப நீங்க ஒரு ஊது ஊதுங்க."

"என்னது?"

"பொண்ணைக் குடுக்கிறவன் மோந்து பாக்க வேண்டாமா? வாங்க, இப்படி வெளிச்சத்துக்கு."

பையன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். சுத்தமான வாயாகத்தான் இருந்திருக்கும். கடைசிவரை அது திறக்கவில்லை.

அதற்குமேல் நடந்தது பதுளைக் கடைத்தெருவுக்குப் பொது. "மாப்பிள்ளை வீட்டுக்காரனை ஊதச் சொன்ன முதல் பய நீதான்! இந்தச் சம்பந்தம் வேண்டாம், போ!" என்று அவர் வாசல் வரைக்கும் வந்து கத்தினார். "வேண்டாம்னு முதல்ல சொன்னது நான்!" என்று நான் நடுத்தெருவிலிருந்து கத்தினேன். "நான் மனசுல அப்பவே சொல்லியாச்சு!" என்றார் அவர். அண்ணாச்சி என்பது நீ ஆகி, நீ என்பது எழுத முடியாதது ஆகியது. நான் சொன்னதையும் எழுத முடியாது.

ஊர் வந்து சேர்ந்ததும் என் மனைவி விஷயத்தைக் கேட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன் என்று என் வம்சத்தையே இழுத்தாள். எங்க பெரியப்பா என்ன வீரன் பார் என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டான் என் தம்பி மகன். இரண்டுமே தப்பு. பயத்தில் வாய் உளறிற்று. இந்த ஒரு தடவை நல்லதை உளறிவிட்டது, அவ்வளவுதான்.

மகள் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அவுக அப்பா சொன்னதும் எந்திச்சு வந்துட்டாரா?"

"வந்துட்டாரு."

"ஒரு வார்த்தை சொல்லலையா?"

"சொல்லலை."

"ரெண்டாவது தடவை மோந்தது அவரா, இல்ல அவுக அப்பா சொல்லியா?"

இதை நான் அதுவரை யோசித்திருக்கவில்லை. "அவராத்தான்" என்றேன்.

"தரித்திரம்" என்றாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். அவள் அம்மா அழுவதை நிறுத்திவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.