விசர்ப்பெட்டியில் வந்த கப்பல்

ஈயம் உருகும்போது எழும் புகை, குங்கிலியம் கொஞ்சமும் கருகிய பிளாஸ்டிக் கொஞ்சமும் கலந்த அந்த மணம், இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் நான் ஆறாம் வகுப்புப் பையனாகி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். வயிறு முந்திக்கொண்டு நிற்பதால் நிமிர்ந்தது நெஞ்சுதானா என்று பார்ப்பவர்களுக்கு விளங்குவதில்லை.

என் சங்கீத ஞானம் அப்போது பள்ளிக்கூடம் முழுக்கப் பிரசித்தம். பாட்டுக் குழுவில் என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "தம்பி, நீங்கள் வாயை மட்டும் அசையுங்கோ, அதுவே காணும்" என்று பாக்கியம் ரீச்சர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன், அந்த மரியாதைதான் சுட்டது. ஒரு தடவையாவது மேடையில் என் சத்தம் கேட்க வேண்டும் என்ற ஆசை, மற்றப் பையன்களுக்குச் சைக்கிள் ஆசை இருந்ததைப் போல, எனக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

குவைத்திலிருந்து சின்ன மாமா கொண்டுவந்து தந்த கீபோர்ட் ஒன்று என்னிடம் இருந்தது. முழங்கை நீளம், பற்றரியில் பாடுவது. அதையும் நான் பாடுவதைப் போலவேதான் வாசித்தேன். மாரிமழையில், பாலையூற்றில் இருந்த எங்கள் வீட்டுக் கூரை ஒழுகி, அது நனைந்து ஊமையாகிப் போனபோது வீட்டில் பரவிய நிம்மதியை யாரும் மறைக்க முயலவில்லை. "அதுக்கும் தாங்க ஏலாமப் போச்சு" என்றார் அம்மா.

கிண்ணியாவிலிருந்து, நாங்கள் "பாதை" என்று சொன்ன மிதவையில் துறையைக் கடந்து பள்ளிக்கூடம் வருகிற பரீத் என் வகுப்புத் தோழன். அவனுடைய வாப்பா ரேடியோ திருத்துபவர் என்பதால் புத்தகங்களோடு ஸ்குரூ ட்ரைவரும் அவன் பையில் வரும். பின்மூடியைக் கழற்றி, வெயிலில் காயவிட்டு, பற்றரியைப் போட்டுப் பார்த்தான்; உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் உள்ளே தெரிந்த பச்சைப் பலகையில் கையை ஊன்றிவிட்டேன். கடலில் குளித்துவிட்டு வந்த, துடைக்காத கை. பெட்டி முதலில் கோழியைப் போலக் கத்தியது, பிறகு சுருட்டுக்காரக் கிழவரைப் போல இருமியது.

"கைய எடுக்காத மச்சான்" என்றான் பரீத். "இன்னும் கொஞ்சம் அமத்து."

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டால் இதே வேலை. ஈரவிரலால் எந்த இரண்டு புள்ளிகளை இணைத்தால் என்ன கத்தும் என்று தேடினோம். நல்ல சத்தம் அகப்பட்ட இடங்களிலிருந்து ஈயம் வைத்து வயர் இழுத்து, மூடிக்கு மேலே குத்திய பித்தளை ஆணிகளில் முடிந்தோம். காய்ந்த விரலுக்கு ஆணிகள் மசியாது. கிணற்றுத் தண்ணீருக்கு அரைமனம்தான். கடல் தண்ணீர் பட்டால் உடனே பேசும். ஆகவே பக்கத்தில் எப்போதும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கடல் தண்ணீர். கறண்ட் வயரை மட்டும் இதற்குக் காட்டினால் இரண்டு பேரும் மௌத்து என்று பரீத் எச்சரித்திருந்தான். பைத்தியம் பிடித்த பெட்டி என்ற பொருளில் அயலவர்கள் இதற்கு "விசர்ப்பெட்டி" என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் இரண்டு ஆணிகளுக்கு நடுவே என் விரல் வழுக்கியபோது சத்தம் கீழே கீழே இறங்கி, வயிற்றுக்குள் அதிர்ந்து, கப்பல் ஊதும் சத்தமாகிவிட்டது.

அந்த வருடக் கலைவிழா நாடகம், புயலில் அகப்பட்ட கப்பலொன்று எங்கள் துறைமுகத்துக்குள் வந்து சேருவதோடு முடியும். கப்பல் சத்தத்துக்கு ஒரு பையன் சங்கு ஊதிப் பழகினான். அது செத்தவீட்டைத்தான் நினைவூட்டியது. ரீச்சரிடம் பெட்டியைக் கொண்டுபோய் ஊதிக் காட்டினோம். அவர் சங்குக்காரப் பையனை உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "சரி, ஒருக்காத்தான். பிழைச்சால் பழையபடி வாயசைப்புத்தான், தம்பி."

எங்கள் ஊரில் அந்த யுத்த நாள்களில் பெரிய சத்தம் கேட்டால் குனிவது வழக்கம். கப்பல் சத்தத்துக்கு மட்டும் நிமிர்வோம். துறைமுகத்துக்கு வரும் கப்பலைக் கயிறு பிடித்துக் கரையில் கட்டுகிற அப்பாவோ, சோற்றுக் கையோடு எழும்பிச் சைக்கிளை எடுப்பார். விழாவன்று அவர் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். பக்கச்சுவர் இல்லாத மண்டபம். ஒலிபெருக்கிக் குழாய்களை வெளியே கடற்பக்க வேம்பில் கட்டியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் பரீத் மைக்கைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்தான். நான் விரலை நனைக்கத் திரும்பினேன். புயலாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளையொன்றின் கால் பட்டுச் சிரட்டை கவிழ்ந்து கிடந்தது.

காய்ந்த விரலை வைத்தேன், ஒன்றுமில்லை. மேடையில் மாலுமி இரண்டாம் தடவையும் "கரை தெரிகிறது" என்றான். ரீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"நெத்தியத் தடவுடா" என்றான் பரீத் மெல்ல. "அதுவும் உப்புத்தானே."

நெற்றியை வழித்து ஆணிகளில் வைத்தேன். வேம்பிலிருந்து கிளம்பியது பாருங்கள் ஒரு கப்பல். மண்டபத்தின் தகரம் அதிர்ந்தது. சனம் முழுக்கக் கதிரைகளை இழுத்துக்கொண்டு எழும்பி, மேடைக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தது. அப்பா சைக்கிள் நின்ற இடத்துக்கே போய்விட்டார். நான் விரலை எடுக்கவேயில்லை.

திரை விழுந்த பிறகு விஷயம் அறிந்து திரும்பி வந்த அப்பா, என்னையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். "எந்தக் கப்பலெண்டுதான் விளங்கேல்ல" என்றார். "ஆனா பெரிய கப்பல்."

பாட்டுக் குழுவிலிருந்து ரீச்சர் என்னை முழுதாக விடுவித்தார். பதவி உயர்வென்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது கிண்ணியாவுக்குப் பாலம் வந்துவிட்டது; பாதை இல்லை. விசர்ப்பெட்டிக்குக் குரல் கொடுத்த உப்பே அதை அரித்துத் தின்றுவிட்டது. அன்புவழிபுரத்தில் இருக்கிற என் மருமகளின் புதுக் கீபோர்டைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றையும் கறுப்புப் பசைக் கட்டிக்குள் புதைத்திருக்கிறார்கள், விரல் வைக்க இடமில்லை. வெளிநாடுகளில், பெட்டியைப் பிரித்துக் கத்தவைக்கிற இந்த வேலைக்கு இங்கிலீசில் ஒரு பெயரும், டிக்கெட் வாங்கிக் கேட்க ஆட்களும் உண்டாம். வீடியோ அனுப்பிய பரீத், "நம்மட அளவுக்கு இல்ல" என்றும் எழுதியிருந்தான். ஓம், இல்லைத்தான். நானும் எத்தனையோ மேடைகளில் கட்டுரை வாசித்துவிட்டேன்; நடுவில் எழும்பிப் போனவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவரும் கப்பல் பார்க்கப் போகவில்லை.