சாந்தியின் கார்டு கேட்ட முகவரி

ஆவி, பேய் என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதையும் நீங்கள் நம்ப வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. தம்பானூரில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் வேலை, பழவங்காடிப் பக்கம் வாடகை வீடு. சோதனைக்கென்று வீட்டுக்கும் ஒரு லைன் இழுத்திருந்தேன். தினமும் ஒரு மணிக்கு என் மனைவி சாந்தி, "சோறு ஆச்சு கேட்டோ, வாங்க" என்று மலையாளம் கலந்து அதில் தட்டி அனுப்புவாள். இணைப்பில் நுழையும் கம்ப்யூட்டருக்குத் தரவேண்டிய முகவரி எண்கள் எங்களிடம் கொஞ்சம்தான், அதனால் முடித்ததும் ரிலீஸ் கொடுத்து முகவரியைத் திருப்பித் தந்துவிட்டு கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்வேன். மறந்துவிடுவாள். கத்துவேன். மஞ்சள் காமாலையில் அவள் போகும்வரை கத்தினேன்.

பிறகு அவளுடைய கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டைக் கழற்றி ஆபீஸ் டிராயரில் வைத்தேன், கம்பத்தில் லைனை வெட்டினேன், வீட்டைக் காலி செய்தேன். வேறு யாரும் குடிவரவில்லை.

ஆறு மாதம் கழித்து, வாடிக்கையாளர் பெயர் தட்டி நுழைவதை நிறுத்தினோம். அவர் கார்டின் எண்ணையும் அவர் வீட்டு இணைப்பின் எண்ணையும் சேர்த்து ரவுட்டரே ஒரு பெயர் உண்டாக்கும். அது எங்கள் பட்டியலில் இருந்தால் முகவரி, இல்லையென்றால் மறுப்பு. அமைத்தது நான்தான். முதல் நாள், பட்டப்பகல் ஒரு மணிக்கு, ஒரு பெயர் மறுக்கப்பட்டது. மறுபடி கேட்டது, மறுபடி மறுப்பு, மறுபடி கேட்டது. சாந்தியின் கார்டு. எங்கள் வீட்டு இணைப்பு.

"சைனா கார்டுல ஒரே நம்பர் ரெண்டு வரும்டே மக்கா" என்றான் கூட வேலை பார்த்த நாகர்கோவில் ராஜன்.

"கார்டு வரும். வெட்டுன லைன்ல எப்படிடே வரும்?"

டிராயரைத் திறந்தேன். கார்டு இருந்தது.

அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்த்தேன். பயமெல்லாம் இல்லை, அவளை வாசலில் நிற்க வைத்துவிட்டோமே என்ற அவசரம்தான். உடனே முகவரி வாங்கிக்கொண்டது. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். வீடு பூட்டியிருந்தது. கம்பத்தில் வெட்டிய நுனியில் நான் சுற்றிய டேப் அப்படியே இருந்தது.

திரும்பி வந்ததும் ராஜன், "போயிட்டுடே" என்றான்.

லைன் அறுந்தால் கெடு முடிந்துதான் முகவரி காலியாகும். இது அந்தப் பக்கத்திலிருந்து முறையாகத் திருப்பித் தரப்பட்டிருந்தது. ரிலீஸ், ஒன்று இருபத்திரண்டு. உயிரோடு இருந்தபோது ஒருநாள்கூட ஒழுங்காகச் செய்யாதவள்.

அவ்வளவு நேரம் இருந்திருக்கிறாள். நான் அவளுக்கு ஒரு வரி தட்டியிருக்கலாம், பூட்டைப் பார்க்கப் போனேன், மடையன். அதன்பின் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பட்டியலில் முதலில் அந்தப் பெயரைத்தான் சேர்க்கிறேன். ஒரு மணிக்கு இருக்கையை விட்டு எழுவதில்லை. சாப்பிடக்கூட.