துரை பங்களாவில் ஒரு நடவு

எங்கள் ராசிங்காபுரத்து முத்துப்பேச்சி, குரங்கணி மலைமேல் துரை பங்களாவில் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியைப் பார்த்துக்கொண்டாள். துரை சீமைக்குப் போயிருந்தபோது, மீன்களுக்குப் பின்னால் உயரமாக நின்ற தண்ணீர்ப் புற்கள் பெயர்ந்து மிதந்தன. வயலில் பழகிய கை அல்லவா? நெல் நாற்றைப்போல், இலை கிளம்பும் அடிக்குருத்து மறைய மணலில் அழுத்தி நட்டுவிட்டாள். புற்கள் அழுகின.

“அறுப்பு எப்ப, பேச்சி?” என்றார் சமையல்காரர் வேலுச்சாமி.

“சும்மா இருங்கண்ணே. தொரை வந்து பார்த்தா என் சோலி போயிரும்.”

சரியாகப் புதையாத ஒன்று மட்டும் பிழைத்து, மணலோடு கொடி ஓட்டிக் கன்றுகள் விட்டது. அவற்றை அடிக்குருத்து வெளியே தெரியப் பிரித்து நட்டாள்.

திரும்பி வந்த துரை, “பழைய செடி எங்கே?” என்றார்.

“நான் தப்பா நட்டு அழுகிப்போச்சுங்க, தொரை. இதெல்லாம் அதோட புள்ளைக.”

துரை குனிந்து கன்றுகளைப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளைகளை நீயே வளர்த்துவிடு” என்றார்.