திருப்பி அனுப்பிய லாரி

மண்ணச்சநல்லூர் யமுனா, கொள்ளிடத்துப் புதுப் பாலத்தில் ஆறு வருஷம் கான்கிரீட் சோதித்தவள். ஒவ்வொரு லாரியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கூம்பு அச்சில் நிரப்பி, அச்சைத் தூக்கி, கலவை எவ்வளவு சரிகிறது என்று அளப்பாள்; அதிகம் சரிந்தால் தண்ணீர் கூடுதல், வலு குறைவு.

ஒருநாள் டோல்கேட் நெரிசலில் கலவை இறுகிவிட, டிரைவர் வழியிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டார். அச்சைத் தூக்கியதும் கூழாய்ப் பரவியது.

"தூண் பாதியில நிக்குதும்மா, விட்டுருங்க," என்றார் மேனேஜர்.

"இதுமேல பஸ் போகணும் சார். திருப்பி அனுப்புங்க."

அடுத்த லாரி வரும்வரை, கல்யாணத்தை நிறுத்தியவளைப் பார்ப்பதுபோல் எல்லாரும் அவளை முறைத்தார்கள்.

பாலம் திறந்தபின் முதல் பஸ்ஸில் கணவர் இளவரசன் கேட்டார்: "கல்வெட்டுல உன் பேரு இல்லையே?"

"அந்த லாரி கான்கிரீட்டும் இந்தப் பாலத்துல இல்லீங்க," என்றாள் யமுனா, தலை நிமிர்ந்து.